திருப்பிச் சொல்லுங்க

டவர் அக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு ஏமாற்று வேலை. இருபது வருஷம் முன்னால், பாட்டு கேட்க ஒரு ரேடியோ வேண்டும் என்று பழைய சாமான் சந்தைக்குப் போனாள். கடைக்காரர் சோப்பு டப்பா அளவில் நீளக் கம்பி வைத்த ஒன்றை எடுத்து, "இதுல உலகமே கேக்கும்" என்று அவள் தலையில் கட்டிவிட்டார். கொண்டுவந்து போட்டால் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. மூக்கடைத்தது மாதிரி ஒரு குரல் நாலைந்து எண்களைச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரல், வேறு எண்கள். விமானம் ஓட்டுபவர்கள் தரையோடு பேசும் பேச்சு அது என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் கடையையே காலி செய்துவிட்டுப் போயிருந்தார். நல்லவேளை.

அக்காவுக்கு வேலை பல் செட் செய்வது. ஐந்து மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி, ஜன்னலோரம் ஒரு மேசை. பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சில் மெழுகு பிடித்து, பல் வரிசை அடுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். யாரென்றே தெரியாதவர்களின் சிரிப்பெல்லாம் அவள் கையால் ஆனது. கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை, காதுக்கு மட்டும் வேலையே இல்லை. சும்மா இருந்த காதை விமானங்கள் பிடித்துக்கொண்டன.

அதிலும் ஒரு குறை. விமான நிலையம் இருந்தது குன்றுக்கு அந்தப் பக்கம். வானத்தில் இருக்கிறவன் பேச்சு குன்றைத் தாண்டி வந்துவிடும். தரையில் இருக்கிற கட்டுப்பாட்டுக் கோபுரத்தின், அதாவது டவரின், பேச்சு குன்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே அக்காவுக்குக் கேட்டதெல்லாம் பாதிப் பேச்சுதான். வேறு யாராவது என்றால் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பார்கள். அக்காவோ அந்தப் பாதியை வைத்தே முழுசையும் பிடித்துவிட்டாள். எப்படியென்றால், தரையிலிருந்து ஒன்று சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம், அன்றைய காற்றழுத்த எண் எது, எல்லாவற்றையும். அந்த அழுத்த எண்ணை வைத்துத்தான் விமானத்தின் உயரம் காட்டும் கருவியைத் திருகி வைப்பார்கள். எண் தப்பினால் கருவி பொய் சொல்லும். இருக்கிற உயரத்தைவிட மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவன் நேரே தரைக்கு வருவான். அதனால் அங்கே தலையாட்டும் வேலைக்கு இடமில்லை. நான் சொன்னது உன் காதில் விழுந்ததா, உன் வாயால் சொல், அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் பாலிஷ் போடுபவர் ஒருநாள் கேட்டார். "அக்கா, பாட்டுன்னா தாளம் போடலாம். கிரிக்கெட்னா கத்தலாம். இதுல என்ன இருக்குன்னு இப்படி உக்காந்து கேக்கறீங்க?"

"ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் கேக்கறாங்கப்பா" என்றாள் அக்கா. "வேற எங்க நடக்குது அது?"

அவர் சிரித்துவிட்டு, அன்றிலிருந்து அவளுக்கு டவர் என்று பெயர் வைத்தார். அவளும் சும்மா இருக்கவில்லை. டாக்டர்கள் ஃபோனில் சொல்வதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "மேல் வரிசை, நோயாளிக்கு இடது பக்கம், நாலாவது பல், நிறம் ஏ-டூ. சரிதானே டாக்டர்?" முதலில் டாக்டர்கள் எரிந்து விழுந்தார்கள். ஆறு மாதத்தில், டாக்டரின் இடதும் நோயாளியின் இடதும் மாறிப்போய்ப் பல் திரும்பி வருவது அறவே நின்றது. பிறகு அவர்களே, "திருப்பிச் சொல்லுங்க டவர்" என்று காத்திருக்கப் பழகினார்கள்.

வீட்டில்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலை நாள் முழுக்கச் சுமந்து வருபவர், வீட்டுக்கு வந்ததும் பேச்சுக்கடையை மூடிவிடுவார். எது சொன்னாலும் பதில் 'ம்'. மழை வரும்போல இருக்கு என்றாலும் 'ம்', வீடு இடிஞ்சு விழுது என்றாலும் அதே 'ம்'. கெட்ட மனுஷர் இல்லை. குடியில்லை, கோபமில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் ஒருநாள் காலை, "அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, நாலு மணிக்கு அங்க வந்துடுங்க" என்று சொன்னாள். 'ம்' என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நாலிலிருந்து ஏழு வரை தனியாக நின்றாள். அவர் வரவில்லை. காதில் விழவே இல்லையாம். அம்மா பிழைத்து எழுந்து வந்துவிட்டாள், இன்றைக்கும் திடமாக இருக்கிறாள். அவர் பத்து தடவை மன்னிப்புக் கேட்டார். அக்கா சண்டை போடவில்லை. ஆனால் அந்த 'ம்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. முப்பது வருஷமாக அங்கேயேதான் இருந்தது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது, குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பறக்கும் பயிற்சிக் கழகம் ஒரு விளம்பரம் கொடுத்தது. கழகத்துக்குச் சொந்தமாகச் சின்ன ஓடுபாதை ஒன்று உண்டு. பயிற்சி விமானங்களோடு ரேடியோவில் பேச, சனி ஞாயிறு காலைகளுக்கு ஒருவர் தேவை. எழுத்துத் தேர்வு, பிறகு பேச்சுத் தேர்வு. வயது வரம்பு இல்லை. அக்கா விளம்பரத்தை நாலு தடவை படித்தாள். பிறகு விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள்.

"ம்" என்றார் கணவர்.

எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளினாள். இருபது வருஷப் பாடமல்லவா! பேச்சுத் தேர்வை நடத்தியவர் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். எல்லோரும் அவரைக் கேப்டன் மேடம் என்பார்கள். அக்காவை ஒரு அறையில் மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து அவர் விமானியாகப் பேசுவார். அக்கா தரையாக இருந்து பதில் சொல்ல வேண்டும். தரைக்கு ரேடியோவில் பெயர் 'தளம்', விமானத்துக்குப் பெயர் 'நாலு ஒன்பது'.

"தளம், இது நாலு ஒன்பது. வடக்கே எட்டு மைல். இறங்க வர்றேன். ஓடுபாதை, அழுத்தம் சொல்லுங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் கணீரென்று வந்தது. "வடக்கே எட்டு மைல், இறங்க வருது, ஓடுபாதை, அழுத்தம் சொல்லணும், நாலு ஒன்பது."

கேப்டன் மேடம் எழுந்து கதவருகே வந்து நின்றார். "அம்மா, அருமையாச் சொன்னீங்க. பெயரைக்கூட விமானி மாதிரியே கடைசியில சேர்த்தீங்க. ஆனா நானும் வானத்துல, நீங்களும் வானத்துல. கீழ யாரு இருக்கா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக அவள் காதில் விழுந்தது விமானியின் குரல் மட்டும்தானே! தரை எப்படிப் பேசும் என்பது மனசுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. மறுபடி முயன்றாள், மறுபடியும் வாய் விமானியாகவே போனது. குன்று அங்கேயும் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு" என்றார் கேப்டன் மேடம். "மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுலயும் வரலைன்னா வேற ஒருத்தரைப் போட்டுடுவேன். எனக்குத் தரை வேணும்மா."

அன்று பேருந்தில் திரும்பும்போது அக்காவுக்கு அழுகை முட்டியது. வாழ்நாளில் அவளாக ஆசைப்பட்டுக் கேட்ட வேலை இது ஒன்றுதான். அதையும் கோட்டை விட்டால் வயது காத்திருக்காது. ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அழுகை போன இடம் தெரியவில்லை.

"தினம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் எனக்கு வேணும்" என்றாள் கணவரிடம். "நீங்க விமானி, நான் தரை."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். எப்பவும் மாதிரி இருங்க, போதும்."

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவள். "நாலு ஒன்பது, ஓடுபாதை இரண்டு ஏழு, அழுத்தம் ஒன்று பூஜ்யம் பூஜ்யம் எட்டு" என்பாள். அவர் "ம்" என்பார். "நாலு ஒன்பது, ஓடுபாதையும் அழுத்தமும் திருப்பிச் சொல்லுங்க." மறுபடியும் ஒரு "ம்". முதல் இரண்டு நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் கோபம் வந்தது, கரண்டியை நங்கென்று வைத்தாள். நாலாம் நாள் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அவர் முழுசாகச் சொல்லும்வரை ஒரே குரலில், ஒரே வேகத்தில் கேட்டாள். அன்று அவர் ஏழு தடவை 'ம்' போட்டார், எட்டாவது தடவை இரண்டு எண்ணையும் சொன்னார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. இப்படி ஒரு விமானி தேடினாலும் கிடைக்க மாட்டார். வீட்டிலேயே முப்பது வருஷமாக இருந்திருக்கிறார்.

இரண்டாவது தேர்வு அன்று கேப்டன் மேடம் வேண்டுமென்றே குரலை மாற்றிக்கொண்டு வந்தார். சிடுசிடுப்பான ஒரு பழைய விமானி. அக்கா ஓடுபாதையும் அழுத்தமும் சொன்னாள், இந்தத் தடவை சுத்தமாக, விமானத்தின் பெயரை முதலில் வைத்து.

"புரிஞ்சுது" என்றது பக்கத்து அறை.

"நாலு ஒன்பது, ஓடுபாதையும் அழுத்தமும் திருப்பிச் சொல்லுங்க."

"அதான் புரிஞ்சுதுன்னேனே!"

அதே நேரம் இன்னொரு பயிற்சியாளர் இரண்டாவது விமானமாக உள்ளே புகுந்தார். "தளம், இது அஞ்சு ரெண்டு, அவசரமா ஒரு விஷயம் கேக்கணும்."

அவசரம் என்றால் என்ன அவசரம் என்று முதலில் கேட்க வேண்டும். அதையும் அவள் விடவில்லை. "அஞ்சு ரெண்டு, ஆபத்து ஏதாவதா?"

"இல்ல. மதியம் ஓடுபாதை மாறுமான்னு கேக்கணும்."

"அஞ்சு ரெண்டு, காத்திருங்க. நாலு ஒன்பது, ஓடுபாதையும் அழுத்தமும் திருப்பிச் சொல்லுங்க."

"முப்பது வருஷமா ஓட்டறேன். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

முப்பது வருஷம் என்றதும் அக்காவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. குரலில் அது துளியும் தெரியவில்லை. "நாலு ஒன்பது, ஓடுபாதையும் அழுத்தமும் திருப்பிச் சொல்லுங்க."

கேப்டன் மேடம் இன்னும் மூன்று தடவை பிடி கொடுக்காமல் பார்த்தார். கடைசியில் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். பிறகு அறைக்குள் வந்து, தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி அக்காவின் மேசை மேல் வைத்தார். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதை? ரெண்டாவது தடவையிலேயே முக்கால்வாசிப் பேர் சரின்னு விட்டுடுவாங்க."

"வீட்ல பயிற்சி, மேடம்."

முதல் சனிக்கிழமை. வெளிச்சம் வந்ததும் கிளம்பினாள். கணவர் பேருந்து நிறுத்தம்வரை வந்து, ஏற்றிவிட்டுத் திரும்பினார். ஓடுபாதை ஓரத்துக் கண்ணாடி அறையில் காற்றுக் கருவியும் அழுத்தக் கருவியும் பார்த்து, எட்டு மணிக்கு மைக்கைத் திறந்தாள். ஒன்பது விமானங்கள். பெரும்பாலும் பயிற்சிப் பிள்ளைகள், குரல் நடுங்குகிறவர்கள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் வானத்திலிருந்து முழுசாக அவளிடம் திரும்பி வந்தது. ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை. அக்காவுக்கு உடம்பெல்லாம் நிறைந்துபோனது. இதற்காகத்தான் இருபது வருஷம் காது கொடுத்தேன் என்று அவளுக்கு அங்கே உட்கார்ந்தபோது தெளிவாகத் தெரிந்தது.

மதியம் வீடு திரும்பினால் ஆள் இல்லை. மொட்டை மாடியில் தேடிப் பிடித்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய பழைய சோப்பு டப்பா ரேடியோ. மடியில் பள்ளிப் பேருந்தின் வருகைத்தாள் ஒன்று, பின்பக்கம் முழுக்க எழுத்து.

"இங்க என்ன பண்றீங்க?"

அவர் தாளைப் பார்த்தே பேசினார். "எட்டு மணி. ஓடுபாதை ரெண்டு ஏழு. அழுத்தம் ஒண்ணு பூஜ்யம் ஒண்ணு ஒண்ணு. பத்தேகாலுக்கு அழுத்தத்தை ஒண்ணு குறைச்சே. அஞ்சு ரெண்டைச் சுத்தி வரச் சொன்னே, முன்னாடி ஒருத்தன் இறங்கிட்டு இருந்தான். பதினொண்ணு அஞ்சுக்கு ஒரு பொண்ணு புரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிச்சு. கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் முழுசாச் சொல்லிச்சு." தலையைத் தூக்கினார். "அந்தச் சத்தமில்லாத நேரத்துல நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

அக்கா குனிந்து அந்தத் தாளைப் பார்த்தாள். "என் குரல் கேட்டுச்சா?"

"எங்க கேக்குது, குன்னு மறைக்குதே. ஒரு தடவைகூடக் கேக்கல." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆனா நீ சொன்னது எதுவும் விட்டுப் போகல."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குன்றைப் பார்த்தாள். பிறகு, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள். "அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. நாலு மணிக்குப் போகலாமா?"

"ம்" என்று வாயைத் திறந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"நாலு மணிக்கு" என்றார். "உங்கம்மா வீட்டுக்கு. ரெண்டு பேரும்."

"சரி" என்றாள் டவர் அக்கா.

மூன்றே முக்காலுக்கே அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.