முகம் தெரியவேண்டும் என்று கேட்டவன்

மூன்றாவது மாடிக்குச் சிலிண்டர் தூக்கிப் போய் இறக்கும்போது, "நீங்க அந்தப் படத்துல செத்துப்போன பையன்தானே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவனுக்கு இடுப்பு வலி மறந்துவிடும். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்பான். இருபத்திரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். ஒருநாளாவது சலித்துக்கொண்டான் என்று யாரும் சொல்ல முடியாது.

அவனுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது ஒரு டைரக்டர் ஊருக்கு வந்தார். சின்ன ஊரில் வளரும் ஐந்து பையன்களின் கதை, நடிகர்கள் யாரும் வேண்டாம், உள்ளூர்ப் பிள்ளைகளே போதும் என்றார். பள்ளிக்கூட வாசலில் நின்று அவர் பொறுக்கி எடுத்த ஐவரில் இவனும் ஒருவன். கதைப்படி இவன் கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போய் மூழ்கிவிடுவான். மற்ற நால்வரும் அந்தச் சாவைச் சுமந்துகொண்டே பெரியவர்களாவார்கள்.

டைரக்டர் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: குட்டைக் கரையில் ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு. இவனுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று நாள் அவர் பின்னாலேயே சுற்றினான்.

"சார், செருப்பைப் பாத்து யாரு சார் அழுவாங்க? என்னைத் தூக்கிட்டு வந்து கரையில போடுங்க. எங்க அம்மாவுக்கு என் மூஞ்சி பெருசா தெரியணும் சார்."

"வேணாம்பா. காட்டாம விட்டாதான் நல்லா இருக்கும்."

அவன் விடுவதாக இல்லை. கடைசியில் அவரே தொல்லை தாங்காமல் சரி என்றுவிட்டார். காலையிலிருந்து மத்தியானம் வரை பாறையில் ஈரத்தோடு கிடந்தான். காதுக்குள் எறும்பு புகுந்தபோதுகூட அசையவில்லை. தியேட்டரில் அந்த முகம் திரை முழுக்க வந்தபோது ஊரே விம்மியது. அவன் அம்மா பக்கத்து நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்திருந்த மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. லேத் பட்டறையில் கிடைத்திருந்த வேலையை உதறிவிட்டுப் பெரிய நகரத்துக்குப் போனான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. இரண்டு வருஷம் சினிமாக் கம்பெனிப் படிகளைத் தேய்த்ததில், ஒரே ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். அங்கேயும் பிணமாகப் படுக்கத்தான். கோபித்துக்கொண்டு ஊர் திரும்பி, சிலிண்டர் ஏஜென்சியில் சேர்ந்தான். கூட நடித்த நால்வரும் கெட்டிக்காரர்கள். படத்தை மறந்துவிட்டு, தையல்காரன், பஸ் டிரைவர், பள்ளிக்கூடக் குமாஸ்தா, மொபைல் கடைக்காரன் என்று ஆளுக்கொரு பிழைப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம் தையல்காரன் செய்தி கொண்டு வந்தான். டைரக்டர் இரண்டாம் பாகம் எடுக்கிறாராம். அதே பையன்கள், நாற்பது வயதில்.

இவன் அன்றைக்கே முடிக்குச் சாயம் பூசினான். விடிந்ததும் ஓடினான், சோற்றைக் குறைத்தான். "யாராவது மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?" என்று மனைவி கேலி செய்தாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதான் கதையில செத்துட்டீங்களே. உங்களை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

"கனவுல வரலாம். இல்லன்னா அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு வச்சுக்கலாம். சினிமாவுல வழியா இல்ல? இடுப்பு போயிடுச்சு, இன்னும் எத்தன வருஷம் மாடி ஏற முடியும் சொல்லு. இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். அவனுடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

டைரக்டருக்கு இப்போது தலை முழுக்க நரை. லாட்ஜ் அறையில் இவனைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது. கனவு, அண்ணன் என்று இவன் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுவிட்டு, இல்லையென்று தலையாட்டினார்.

"வராதுப்பா. நான் எழுதினபடி சட்டையும் செருப்பும் மட்டும் காட்டியிருந்தா, இப்ப நீ உயிரோட திரும்பி வந்திருப்பே. ரெண்டாம் பாகமே உன் கதையா இருந்திருக்கும். ஊரே பாத்த பொணத்தை எப்படி எழுப்புறது?"

மனுஷர் தொழில்காரராகச் சொன்னார், குத்திக்காட்டவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவன் கெஞ்சிக் கெஞ்சி வைத்துக்கொண்டான்.

அவருக்கு இரண்டு உதவி வேண்டியிருந்தது. சுவரில் மாட்ட, அந்த வயதில் எடுத்த போட்டோ ஒன்று. பிறகு, படப்பிடிப்பு நடக்கும் பதினைந்து நாளும் அந்தத் தெருவுக்குள் அவன் சிலிண்டர் வண்டியோடு வரக்கூடாது. தப்பித்தவறிப் பின்னால் எங்காவது தெரிந்துவிட்டால் படம் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் சரி என்றான். வேறென்ன சொல்வது?

பதினைந்தாம் நாள் சாயங்காலம் நண்பர்கள் நால்வரும் முகத்தில் பூசியதைக்கூடக் கழுவாமல் நேராக அவன் வீட்டுக்கு வந்தார்கள். பாவிகள், பாசத்தில்தான் வந்தார்கள். மனைவி டீ போட்டுக் கொடுத்தாள்.

"உன் போட்டோ முன்னாடி நாங்க நிக்கிற சீன் இன்னைக்குத்தான்டா எடுத்தாங்க. அவர் ஒண்ணும் சொல்லிக்கூடத் தரல, தானா அழுகை வந்துடுச்சு" என்றான் தையல்காரன்.

"வசனம் இருந்துச்சா?"

"எனக்கு ஒண்ணுதான். 'இவன் இருந்திருந்தா இப்ப எப்படி இருந்திருப்பான்?'னு கேக்கணும்."

"அதுக்கு என்ன பதில்?"

பஸ் டிரைவர்தான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "'நம்ம எல்லாரையும் விட நல்லா வந்திருப்பான்டா'ன்னு நான் சொல்லணும்."

சொன்ன பிறகுதான், எதிரில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பவனை அவன் நிமிர்ந்து பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"நல்ல வசனம்" என்றான் இவன். அதற்குமேல் அவனால் முடியவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு, மனைவியும் நண்பர்களும் பார்த்திருக்க, அழுதான்.