மோட்சமேரிக்கு வாசித்த ஓலை

ஐம்பதுகளில் சேலத்தில் வளர்ந்த வேதக்காரப் பெண்களில் மோட்சமேரியைத் தெரியாதவள் என்று ஒருத்தியைக் காட்டுங்கள், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். மடத்து ரொட்டி வாசனையில் மயங்கிப் பதினோரு நாள் கன்னியாஸ்திரியாக இருந்தவள் அவள். ஏற்காட்டுக்கு என்று ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறித் தூங்கிப்போய், ராசிபுரத்தில் கண் விழித்து, "இங்க இருந்த மலை எங்கேங்க?" என்று கண்டக்டரிடம் சண்டை போட்டவள். வயது பதினாறு. 'இளஞ்சிட்டு' மாத இதழில் நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தாலும் அவளுக்குப் பதினேழு ஆகவே இல்லை. இதழ் வருகிற அன்று எங்கள் தையல் வகுப்பில் ஊசி குத்தாத விரல் இருக்காது. எல்லோர் மடியிலும் துணிக்கு அடியில் மோட்சமேரி இருப்பாள்.

எழுதியவர் பெயர் 'ஏற்காட்டான்' என்று போட்டிருக்கும். பெரிய மீசையும் சுருட்டுமாக ஓர் ஆளை நாங்கள் கற்பனை செய்து வைத்திருந்தோம். நான் அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்ததுண்டு. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

ஏற்காட்டான் தினமும் எங்கள் கண்ணெதிரேதான் நடமாடினாள். ரயில்வேயில் வேலை பார்த்த சின்னப்பராஜ் மாமாவின் மகள் இசபெல்லா அக்காதான் அது. இருபத்தாறு வயது, மெலிந்த உடம்பு. பாதிரியார் குடியிருக்கிற சாமியார் பங்களாவில் ஞானஸ்நானச் சீட்டு, கல்யாண ஓலை எல்லாம் முத்து முத்தாக எழுதித் தருகிற வேலை. காலையில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கமிருந்து நடந்து வரும்போது எதிரே சேர்வராயன் மலை நீலமாக நிற்கும். அதன் தலையில் மேகம் உட்கார்ந்துவிட்டால் அக்காவின் கால் நின்றுவிடும். நடுரோட்டில் அப்படியே நிற்பாள், உதடு மட்டும் அசையும். மோட்சமேரி அந்த நேரத்தில்தான் அவளிடம் வந்து பேசுவாளாம். மாட்டு வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போகும்.

"அம்மிணி, கனாக் கண்டது போதுமுங்க, ஓரமா வாங்க" என்று வண்டிக்காரர் யாராவது சத்தம் கொடுத்த பிறகுதான் இந்த உலகத்துக்கு வருவாள். அவளைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டு நின்றிருப்போம்.

ஐம்பத்தேழாம் வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு அக்காவுக்கு வரன் வந்தது. ஆத்தூர்க்காரர், முதல் மனைவியை இழந்தவர், அரசாங்க குமாஸ்தா. தப்பான மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வந்தார், பெரியவர்களிடம் தணிந்து பேசினார். போகும்போது மட்டும், "இனிமே எழுத்தெல்லாம் எதுக்கு? வீட்ல வேல இருக்குமே" என்றாராம். மாமா தலையாட்டிவிட்டார். மகள் கதை எழுதுகிற விஷயத்தை மாப்பிள்ளையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார், மற்றபடி அந்த வீட்டுக்கு வெளியே தெரியாது; எழுதுவதும் கல்யாணம்வரைக்கும்தான் என்று முன்பே பேச்சு. ஊரையே சிரிக்க வைக்கிற கைக்காரிக்குத் தன் வீட்டில் வாய் எழும்பவில்லை.

தானே போகப் போகிறாள் என்றால் மோட்சமேரியை என்ன செய்வது? அவளையும் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கதையில் வெல்ல மண்டி ஞானப்பிரகாசம் என்று ஒருவர் உண்டு. பெண் பார்க்க வந்து பஜ்ஜித் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காதவர். அவரே மாப்பிள்ளை. கடைசி அத்தியாயத்தைக் கல்யாண ஓலையாகவே தொடங்கினாள்.

ஓலை என்றால் பனையோலை இல்லை. எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். தடைக்குக் கோவில் பாஷையில் விக்கினம் என்று பெயர். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அக்கா ஒரே மாதிரி இரண்டு அரைத்தாளில் இரண்டு ஓலை எழுதினாள். ஒன்று மோட்சமேரிக்கு, இன்னொன்று தனக்கு. தன்னுடைய ஓலையையும் அதே முத்தெழுத்தில்தான் எழுதினாளாம்.

மறுநாள் பூசை. சித்திரை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக வந்து பெண்கள் பக்கம் விரித்த பாய்மேல் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. சாம்பிராணிப் புகை மேலே போக மனமில்லாமல் தலைக்கு மேல் நின்றது. பாதிப் பேர் அரைத்தூக்கம். உபகாரசாமி சாமியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அக்கா மடித்துக் கொடுத்த தாளை எப்போதும்போல முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்தார்.

"இந்தப் பங்கைச் சேர்ந்த கன்னிப்பெண் மோட்சமேரிக்கும், வெல்ல மண்டி ஞானப்பிரகாசத்துக்கும் முதலாம் ஓலை. விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

நான் கனவு காண்கிறேன் என்றே நினைத்தேன். அந்தப் பெயர் புகையோடு புகையாக மிதந்து வந்தது. இத்தனை வருடம் மடியில் ஒளித்துப் படித்தவள் இதே பாயில் எங்காவது முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வேளாங்கண்ணிப் பெரியம்மா, "தெரியுமே, நல்ல குடும்பம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் சாமியார் பங்களா வாசலில் ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றோம். விளையாட்டுக்கு இல்லை. உண்மையாகவே விக்கினம் சொல்லத்தான். உள்ளே சாமியார் மேசை முன், பக்கத்தில் பதிவேட்டோடு இசபெல்லா அக்கா.

"அவ கடல் பார்க்காம கட்டிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க சாமி" என்றாள் முதல் பெண்.

"அந்த ஆளு சிரிக்கவே மாட்டாருங்க" என்றாள் அடுத்தவள்.

சாமியார் ஒவ்வொன்றையும் எழுதச் சொன்னார், அக்கா எழுதினாள். எழுத்து வழக்கம்போல முத்தாக இல்லை. கடைசியாக நான்.

"நீ யாரம்மா?"

"சவரியார் மக அந்தோணிமேரிங்க. அவளைக் கட்டிக் குடுத்துட்டா அப்பறம் பேசவே மாட்டாளுங்க சாமி. இன்னும் எவ்வளவோ சொல்லணும் அவ. பாவமுங்க அவ."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். நிமிர்ந்தால் அக்காவும் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு இந்த மோட்சமேரி? நான் ஞானஸ்நானம் குடுத்ததா ஞாபகமே இல்லையே" என்றார் சாமியார்.

"அவ கதைங்க சாமி. நான் எழுதுற கதை. தாள் மாறிப்போச்சுங்க" என்றாள் அக்கா.

ஏற்காட்டானின் மீசையும் சுருட்டும் என் மனதில் அந்த நிமிடமே உதிர்ந்தன. சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பீடத்துல நின்னு கட்டுக்கதை வாசிக்க வச்சிட்டியே!" என்று மேசையைத் தட்டினார். தெரிந்துதான் தாளை மாற்றினாயா என்று பிற்காலத்தில் நான் அக்காவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "தெரியல அந்தோணி" என்பாள். நான் நம்புகிறேன்.

"நெசமான ஓலை எங்கே?" என்று சாமியார் கை நீட்டினார்.

செபப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாசித்துப் பார்த்தவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உன்னோடதா? சரி, வர்ற ஞாயித்துக்கெழமை வாசிக்கிறேன்."

"இதுக்கும் ஒரு விக்கினம் இருக்குங்க சாமி."

"யாரு சொல்றது?"

"நானுங்க."

"என்ன விக்கினம்?"

மாதம் பன்னிரண்டு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதியவளுக்கு ஒரு வாக்கியம் கிடைக்க வெகுநேரம் ஆனது. "எனக்கு மனசில்லைங்க" என்றாள்.

சாமியார் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வாங்கித் தானே எழுதினார்: பெண்ணுக்குச் சம்மதமில்லை.

மோட்சமேரி கடல் பார்க்கத் தரங்கம்பாடி போய்ச் செருப்பைத் தொலைத்தது, வெண்ணந்தூரில் தறி பழகப் போய்த் தன் பாவாடையையே சேர்த்து நெய்தது, அறுபத்தெட்டுவரை வந்த நான்கு புத்தகங்கள், எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று உச்சிவெயிலில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வீட்டில் சின்னப்பராஜ் மாமா இருந்தார். அக்காவுக்கு அப்பாவென்றால் உயிர், பயமும் அதே அளவு.

"உங்கப்பாகிட்ட நான் வந்து சொல்றேன்" என்று சாமியார் குடையை எடுத்தார்.

"வேண்டாமுங்க சாமி" என்றாள் இசபெல்லா அக்கா. "நானே சொல்லிக்கிறேன்."