சாமி மந்திரித்த லேப்டாப்

சீ! இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திண்டுக்கல்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் தற்காலிகக் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். கம்ப்யூட்டர் அறையை ஒரு வியாபாரியிடம் விடப் பேச்சு நடந்தது. அவன் திருட்டு சிடியிலிருந்து விண்டோஸ் எல்லாம் ஏற்றித் தருவான், வாத்தியாராகத் தன் ஆளையே உட்கார வைப்பான். என் வேலை போய்விடும். தாளாளராக இருந்த பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம் சாமி. ஓசிதான். எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்."

"திங்கக்கெழம கமிட்டி முன்னால ஓட்டிக் காட்டுங்க தம்பி, பாப்போம்."

பழைய லேப்டாப் ஒன்றைப் பிடித்து லினக்ஸ் ஏற்றினேன். டச்பேட் மட்டும் வேலை செய்யவில்லை. விரல் தேயத் தேய்த்தும் திரையில் அம்பு அசையவில்லை. மெஷின் கண்டுபிடித்த சாதனங்களின் பட்டியலில் கீபோர்டு இருந்தது. டச்பேட் என்று ஒன்று இருப்பதே அந்தச் சனியனுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டரில், மூத்திர நாற்றத்தில், மூன்று நாள் தேடினேன். மெஷின் கிளம்பும்போது ஒரு வரியைத் தட்டினால் கண்டுகொள்ளும் என்று எவனோ புண்ணியவான் எழுதியிருந்தான். தட்டினேன், அம்பு ஓடியது. ஆனால் அந்த வரி ஒரு தடவைக்குத்தான், அணைத்தால் போச்சு. நிலைத்து நிற்க அதை ஒரு ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். பிள்ளைகளிடம் "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்!

திங்கட்கிழமை வீட்டிலேயே கிளப்பி, அணைக்காமல், திறந்தபடி மடியில் ஏந்தி ஆட்டோவில் போனேன். தனி மவுஸை வேண்டுமென்றே எடுக்கவில்லை. கமிட்டிக்கு வியாபாரியும் வருவான், அதைப் பார்த்தால் பல்லைக் காட்டிச் சிரிப்பான்.

கமிட்டி முன்னால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சாமியார் தலையாட்டினார். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஐஸ் வைக்கிற புத்தி விடுமா?

"சாமி, நீங்களே மந்திரிச்சுக் குடுத்துருங்க."

பைக் வாங்கினாலும் டிராக்டர் வாங்கினாலும் சாமியாரிடம் மந்திரிக்காமல் எங்கள் ஆட்கள் ஓட்டுவதில்லை. அவர் சந்தோஷமாகத் தீர்த்தச் செம்பை எடுத்தார். தண்ணீரைக் கண்டதும் எனக்குப் பக்கென்றது. ஷார்ட் ஆகிவிடுமே என்று என் கையாலேயே பட்டனை அமுக்கி அணைத்தேன். அவர் ஜெபித்துத் தெளித்தார். மேலாகத் துடைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன்.

அம்பு நட்டநடுவில் நின்றது. அந்த வரி எழுதிய நோட்டு வீட்டில் கிடந்தது. அணைத்துக் கிளப்பி, நினைவிலிருந்து இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன வாத்தியாரே, மந்திரிச்சதும் பேய் ஓடிருச்சா?" என்றான் வியாபாரி. கமிட்டியே கொல்லென்று சிரித்தது. நானும் ஈயென்று இளித்தேன். அந்த இளிப்புதான் இன்றைக்கும் குமட்டுகிறது.

"பரவால்ல தம்பி. பிள்ளைக படிப்பு, நம்பி எறங்க முடியாதுல்ல" என்றார் சாமியார். அடுத்த வாரம் வியாபாரியின் ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, நோட்டைப் பார்த்து, வரியை ஃபைலில் சேர்த்தேன். இரண்டு நிமிஷ வேலை. எங்கள் ஊர் உப்புத்தண்ணீர். டச்பேட்டில் தீர்த்தம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்தேன். புள்ளி போகவில்லை. தேய்த்த இழுப்புக்கெல்லாம் அம்பு திரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.