விளக்கு அணையாத கிணறு

என் வீட்டுக்காரர் ஓமனில் ஒரு பேரீச்சந்தோப்பில் வேலை பார்க்கிறார். சுற்றிலும் மணல், நடுவில் ஒரு ஊற்று, அந்த ஊற்றை நம்பி ஒரு பச்சை ஊர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பாலைவனச் சோலை என்று போர்டில் படம் போட்டுக் காட்டுவேனே, அதே சங்கதிதான். போன புதிதில் வீடியோ காலில் சுற்றிக் காட்டினார். மேலே பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சை, அதற்கும் கீழே ஆடுகளுக்குக் குதிரைமசால் தீவனம், ஓரத்தில் சலசலவென்று வாய்க்கால். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, பாலைவனம் அங்கிட்டு இல்லைங்க. இங்கிட்டுதான் கெடக்கு" என்றேன்.

பொய்யில்லை. திருவாதவூர்ப் பக்கம் எங்கள் கிணறு வற்றத் தொடங்கிய பிறகுதான் அவர் விமானம் ஏறினார். நான் விளாங்குடியில் வாடகைக்கு வீடு பிடித்து, டீச்சர் வேலையில் ஒட்டிக்கொண்டேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பால் பொங்கி வழிந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு வருடமாக அந்தப் போனில் பார்த்ததெல்லாம் வேறு பயம். முதலில் வாய்க்கால் மெலிந்தது. அப்புறம் எலுமிச்சை இலை ஓரம் கருகியது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். மழை வராமலே கிடந்துவிட்டு, வந்தால் ஒரே நாளில் வெள்ளமாகி, மண்ணையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறதாம். வெயில் காலம் முடிகிற மாதமாகியும் வெயில் முடியவில்லையாம். பக்கத்துத் தோப்புக்காரர்கள் மரங்களை அப்படியே விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். தலை காய்ந்த பேரீச்சைகள் வரிசையாக நிற்பதை அவர் காட்டியபோது, "போதும், போனைத் திருப்புங்க" என்றேன். பார்க்கச் சகிக்கவில்லை.

ஊற்று நின்றதும் தோப்புக்குள் இருந்த பழைய கிணறுதான் கதி என்று ஆனது. அதிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மேலே இருந்த மோட்டாருக்கு எட்டவில்லை, காற்றை இழுத்து இழுத்துக் கடைசியில் எரிந்தே போனது. மிச்சம் இருந்தது ஒரு டீசல் எஞ்சின். என்ன செய்ய என்று அவர் என் அண்ணனிடம் யோசனை கேட்டார்.

"இதுக்குப் போயி யோசனையா? நம்ம ஊருல செய்றதுதான் மாப்ள. எஞ்சினை உள்ள இறக்கிருங்க."

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றுக்குள் படி மாதிரி அடுத்தடுத்து வெட்டியிருக்கிற திட்டுக்கு எஞ்சினை இறக்குவோம். எங்கள் கிணறு ஒரு வீடு அகலம். படிக்கட்டு உண்டு, காற்றும் வெளிச்சமும் தாராளம். அந்த ஊர்க் கிணறு அப்படியா? மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றைப் போட்டால் வாயை மூடிவிடும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அண்ணன் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டார். உள்ளே குறுக்கே பலகை போட்டு எஞ்சினை இறக்கி ஓட்டியாயிற்று, மரங்களுக்குத் தண்ணீர் பாய்ந்தாயிற்று, இப்போது டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது, இறங்கி ஊற்றிவிட்டு வரப் போகிறேன் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. கூட வேலை பார்க்கும் வங்கதேசத்துக்காரர் போனை வாங்கிக் கிணற்றைக் காட்டினார். உள்ளே இருட்டு.

"விளக்கு விட்டுப் பாத்தீங்களா?" என்று கத்தினேன்.

மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அணைந்தால் உள்ளே காற்றில்லை, இறங்கக் கூடாது. எரிந்தால் பயமில்லை. என் அப்பா விளக்கு விடாமல் கிணற்றில் கால் வைத்ததே கிடையாது.

"இந்தா விடுறேன், போதுமா?" என்றார். ஒரு அரிக்கேன் விளக்கு கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சுடர் அசையக்கூட இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாமி விளக்குப் போல நின்று எரிந்தது.

"பாத்தியா ஆத்தா? சும்மா பதறிக்கிட்டு" என்றார் அண்ணன்.

எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்குங்க. இல்லாட்டி நான் போனை வைக்க மாட்டேன்."

"நான் என்ன ஆட்டுக்குட்டியா புள்ள? உன் இம்சை பெரும் இம்சை." சொல்லிக்கொண்டேதான் கட்டினார். மறுமுனையை அந்த வங்கதேசத்துக்காரர் பேரீச்சை மரத்தில் சுற்றினார்.

இறங்கினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் உச்சந்தலை தெரிந்தது. டீசல் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேன் உருண்ட சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

"ஏங்க" என்றேன். "ஏங்க! ஏங்க!"

போன் மணலில் விழுந்தது. எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அந்த மனிதர் அவர் பாஷையில் அலறுகிறார், யார் யாரோ ஓடி வருகிறார்கள், கயிறு கல்லில் உரசுகிறது. நான் தரையில் உட்கார்ந்து மாரியாத்தாளைக் கூப்பிட்டேனா, வேறு யாரைக் கூப்பிட்டேனா, எனக்கே நினைவில்லை. என் தாலியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

தூக்கிவிட்டார்கள். மணலில் கவிழ்ந்து கிடந்து வாந்தி எடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது. யாரோ போனை எடுத்தபோது திரையில் ஒரு கணம் கிணறு தெரிந்தது. உள்ளே விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது, துளி வாடாமல்.

எஞ்சின் புகையில் இருக்கிற விஷம் விளக்கை அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும் என்று திங்கட்கிழமை எங்கள் பள்ளி சயின்ஸ் டீச்சர் சொன்னார். எங்கள் அப்பா, தாத்தா எல்லாரும் நம்பிய விளக்கு. அவர்கள் காலத்தில் தண்ணீர் மேலே கிடந்தது, எஞ்சினும் மேலேயே கிடந்தது. விளக்கும் சரியாகத்தான் சொன்னது.

அவர் எழுந்து உட்கார்ந்து பேசின அன்று சொன்னேன். "சோலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிரலாம். கிளம்பி வந்துருங்க."

"வாரேன்" என்றார். அப்புறம் கேட்டார், "நம்ம கிணறு இப்ப எப்படி இருக்கு?"

அண்ணன் முந்தின நாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தண்ணீர் கடைசித் திட்டுக்கும் கீழே போய்விட்டது. அதற்கும் கீழே குழி மாதிரி குறுக்கி வெட்டி எஞ்சினை இறக்க வேண்டுமாம். நான் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"எம்புட்டு அகலம் வெட்டணுமாம்?"

"ஒரு ஆள் இறங்குற அகலம்."

"சரி புள்ள, வாரேன்" என்றார். "அங்கயும் நாந்தானே இறங்கணும்?"