மடப்பள்ளிக்காரர் வயிறும் மூணு மருந்தும்

என் வீட்டுக்காரருக்கு மலைக்கோயில் மடப்பள்ளியில சமையல். சாமிக்கு நைவேத்தியம் ஆகிற வரைக்கும் தண்ணியைத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டார். அவங்க குடும்பத்து வழக்கம் அது. விடியக்காலையில அடுப்புக்கிட்ட நின்னா உச்சிகால பூஜை வரைக்கும் பட்டினிதான். அப்புறம் அங்கேயே புளியோதரை. வயிறு எரியாம என்ன செய்யும்?

தொண்ணூறுகள்ல ரோஸ் கலர்ல பாட்டில் மருந்து. வீட்ல இருக்கிறப்போ எரிஞ்சா மூடியில ஊத்தி ஒரு மடக்கு. ஏற்கெனவே ஊறின அமிலத்தை இது அடக்கும், அவ்வளவுதான்னு பஜார் மெடிக்கல் கடைக்காரர் சொல்வார். அப்புறம் மாத்திரை வந்துச்சு. அமிலம் ஊறச் சொல்லி வயித்துக்குப் போற சேதியையே தடுக்குமாம். எந்த ஊர்லயோ மருந்து கண்டுபிடிக்கிறவங்க இவர் வயித்தைப் பத்தியே யோசிச்சுகினு இருக்காங்களேன்னு எனக்குச் சிரிப்பும் வரும், கையெடுத்துக் கும்பிடவும் தோணும்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கேப்சூல். அமிலம் வர்ற குழாயையே மூடிடுமாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல போடணும்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஆனாலும் எரிச்சல் அடங்கலை. ஆள் பாதியா இளைச்சுட்டார். அரக்கோணத்து டாக்டர், இப்படியே போனா இந்த வேலையை விட வேண்டியதுதான்னுட்டார்.

திரும்பி வரும்போது ரயில்ல மனுஷன் ஜன்னல் வழியா மலையையே பார்த்துகினு வந்தார். அந்த அடுப்பை விட்டா இவர் மனசொடிஞ்சு போயிடுவார்னு எனக்குத் தெரியும். பேச்சுக் குடுக்கலாம்னு, கேப்சூலை எப்போ போடுறீங்கன்னு கேட்டேன். நைவேத்தியத்துக்கு முன்னாடி மருந்தும் ஆகாதாம். அதனால புளியோதரையோட சேர்த்து முழுங்கறாராம். எனக்கு வந்துச்சே கோபம்! மருந்து கண்டுபிடிச்சவன் கேட்டா தலையில அடிச்சுக்குவான்னு நான் போட்ட சத்தத்துல பெட்டியே திரும்பிப் பார்த்துச்சு.

"நைவேத்தியம் ஆனதும் அங்கேயே கேப்சூல். அரை மணி கழிச்சு வீட்ல சோறு. புரியுதா?"

"ஆங்"னார்.

முழுங்கிட்டுப் படியிறங்கி வந்தா அரை மணி சரியா இருக்கும். வயிறு மெல்ல ஆறுச்சு. வேலையை விட வேணாம்னு டாக்டரே சொல்லிட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழிச்சு, பகல் சோத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தது அப்பத்தான். எனக்குத் தலைகால் புரியலை.

கொஞ்ச நாள்ல டாக்டர் கேப்சூலையும் நிறுத்தச் சொல்லிட்டார். இனிமே மலைமேலயே சாப்பிட்டுக்குவார்னு மறுநாள் எனக்கு மட்டும் வடிச்சு வெச்சேன். உச்சி வெயில்ல படியிறங்கி வந்து, கால் கழுவிகினே கேட்டார்:

"என்ன, இன்னும் இலை போடலையா?"