விடிஞ்சா என்ன கிழமை?

சென்ற மாதம் இதே பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தேன். மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்று ஒரு வரி. உறையூர் வாசகர் ஒருவர் அந்த வரியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்.

சார், தயவு செய்து கிழித்துவிடுங்கள்!

காரணம் சொல்கிறேன். என் ஆபீஸில் கமலா என்று ஒரு டைப்பிஸ்ட். ஜீயபுரத்துப் பெண், வயது இருபத்தாறு. அப்பாவுக்கு வாழைத்தோட்டம். அம்மா இல்லை. பத்துப் பக்கம் அடித்தாலும் ஒரு எழுத்துத் தப்பு வராது; எங்கள் ஆபீஸர் இங்கிலீஷில் செய்கிற தப்புகளையும் சத்தம் போடாமல் திருத்தித்தான் அடிப்பாள்.

அவளுக்குத் திருவெள்ளறையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ராஜேந்திரன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "கல்யாணத்துக்கப்புறமும் நீங்க வேலைக்குப் போகலாங்க" என்று தானாகவே சொன்னாராம். மறுநாள் கமலாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கார்பன் பேப்பரைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டு, அதற்கும் சிரித்தாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பெண்ணுக்கு ரோகிணி, பையனுக்கு உத்திரம். ஊர் ஜோசியர் பார்த்துவிட்டுப் பேஷ் என்று சொல்லியாகிவிட்டது. அதோடு நின்றிருக்கலாம் அல்லவா? ராஜேந்திரனுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். குவைத்தில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டவர். "இந்தக் காலத்துல போய் விரல் விட்டு எண்ணற ஜோசியமா? கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துடுவோம்" என்றார்.

கமலாவின் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். நான்தான் பெரிய எழுத்தாளி ஆயிற்றே! தாராளமாகப் போடுங்கள், நானும் வருகிறேன் என்றேன்.

கமலாவின் அப்பா, சித்தப்பா, ராஜேந்திரன், நான் என்று நாலு பேரும் போனோம். தில்லைநகரில் ஒரு மாடி. 'கம்ப்யூட்டர் ஜாதகம் – தவறே நேராது' என்று போர்டு. வாசலில் இன்னொரு போர்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும். எதற்கு என்று கேட்டேன். "தூசி ஆகாதுங்க மேடம், உள்ள மெஷின் இருக்கு" என்றார் சென்டரை நடத்தும் சேகர். கோயிலில் செருப்பைக் கழற்றினால் துளசியாவது கிடைக்கும்.

உள்ளே போனால்... மெஷின் எங்கே? ஒரு கலர் டி.வி. அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை. பக்கத்தில் நம் வீடுகளில் பாட்டுக் கேட்போமே, அதே டேப்ரெக்கார்டர். டி.வி.யில் மேலிருந்து பூச்சி பூச்சியாக இறங்குகிறது. இரண்டு காலேஜ் மாணவர்கள் அவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். டொய்ங், டொய்ங் என்று சத்தம் வேறு. காலையில் வீடியோ கேம், மாலையில் ஜாதகமாம். சிங்கப்பூரிலிருந்து சேகரின் மச்சான் கொண்டுவந்த கம்ப்யூட்டர்.

"சாஃப்ட்வேர் மெட்ராஸ்லேர்ந்து வந்ததுங்க" என்று ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினார், ஏதோ சாளக்கிராமத்தைக் காட்டுகிற மாதிரி. டேப்ரெக்கார்டரில் போட்டார். ஐந்து நிமிஷம் அது கீய்ய்ய் என்று கத்தியது. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றார். கடைசியில் டி.வி.யில் என்ன வந்தது தெரியுமா? பூச்சி.

"சாரி மேடம், சைடு மாறிடுச்சு."

ஒரே கேசட்டில் இந்தப் பக்கம் விளையாட்டு, அந்தப் பக்கம் தலையெழுத்து! அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

கேசட் திரும்பவும் கத்திக்கொண்டிருக்கையில் ஒரு ஃபாரத்தை நீட்டினார் சேகர். எல்லாம் இங்கிலீஷ். நிரப்பும் வேலை எனக்கு வந்தது. கமலாவின் ஸ்கூல் சர்டிபிகேட்டில் இருப்பது ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்தநாள்; அது உதவாது. அப்பாவைக் கேட்டேன். "கார்த்திகை மாசங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு மணி" என்று வருஷத்தோடும் தமிழ்த் தேதியோடும் சொன்னார். சேகரிடம் இருந்த பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்த வெள்ளிக்கிழமைக்கு இங்கிலீஷ் தேதி கண்டுபிடித்து எழுதினேன். நேரம் என்ற கட்டத்தில் 3 ஏ.எம். கையெழுத்துகூட அழகாக வந்தது.

பிரிண்டர் கரகரவென்று இழுத்தது. இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக ஒரு முழம் காகிதம். சித்தப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. மகேந்திரம்: அக்ரீயிங். யோனி: அக்ரீயிங். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். ரஜ்ஜு: நாட் அக்ரீயிங். தாலி நிலைக்குமா என்று பார்க்கிற பொருத்தம் அதுதான்.

"என்னங்க இது? ரோகிணின்னு சொன்னீங்க. மெஷின் கார்த்திகை நட்சத்திரங்குது?"

"ரோகிணிதாங்க" என்றார் அப்பா. "மாசாமாசம் அந்த நட்சத்திரத்துக்குத்தான் அர்ச்சனை பண்றோம்."

"அப்ப இருபத்தாறு வருஷமா தப்பான நட்சத்திரத்துக்குப் பண்ணியிருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, குரலைத் தணித்து ஒன்று கேட்டார். "இல்ல... கார்த்திகைன்னா எங்க பையனுக்குப் பொருந்தாதுன்னு தெரிஞ்சே ஜாதகத்தை மாத்தி எழுதிட்டீங்களா?"

கமலாவின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். படிக்கட்டில் தன் செருப்பு எதுவென்று தெரியாமல் ரொம்ப நேரம் தேடினார். ராஜேந்திரன் தலையைத் திருப்பி டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்? நானும் வாயைத் திறக்கவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று எழுதியவள் எந்த முகத்தோடு பேசுவது?

இரண்டு நாள் கழித்து அந்த ஒரு முழக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள் கமலா. "அப்பா சரியா சாப்பிடறதே இல்லக்கா. பொய் ஜாதகம் குடுத்தவன்னு திருவெள்ளறை பூரா பேச்சாயிடுச்சு. எனக்கே இப்ப நான் என்ன நட்சத்திரம்னு சந்தேகமா இருக்கு." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஜீயபுரம் போனேன். கமலாவின் அப்பாவிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். கார்த்திகை மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் என்றால் தீபத்தன்றைக்கு அல்லவா பிறந்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தீபத்தன்னிக்கா? அன்னிக்கு அவ ஆத்தா நிறைமாச வயித்தோட வீடு பூரா அகல் ஏத்தி வச்சுட்டு, பொரி உருண்டை புடிச்சு அக்கம்பக்கமெல்லாம் குடுத்துட்டு வந்தாங்க! அது வியாழக்கிழமை. மறுநாள் ராத்திரிதான் வலி எடுத்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு மணி, விடிஞ்சா சனி. எத்தனை தடவைங்க சொல்றது?"

விடிஞ்சா சனி!

இதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. நமக்கு விடிந்தால்தானே அடுத்த கிழமை? ஃபாரத்தை நீட்டின இங்கிலீஷ்காரனுக்கு நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கே கிழமை மாறிவிடும். வெள்ளி ராத்திரி மூன்று மணி என்றால் அவன் கணக்கில் சனிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமைத் தேதியையும் போட்டு 3 ஏ.எம். என்றும் எழுதியதில், கமலா ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டாள். பெற்றவள் பொரி உருண்டை பிடித்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்!

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் கேட்கிறேன். எந்த ஊர் ஜோசியரும், ராத்திரிப் பிறப்பு என்று சொன்னால் அடுத்தபடி கேட்கிற கேள்வி என்ன? 'விடிஞ்சா என்ன கிழமைங்க?' காது கேட்காத ஜோசியர்கூட இதைக் கேட்பார். மெட்ராஸில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதின மேதாவிக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே! பூச்சி எப்படி வளைந்து வளைந்து இறங்க வேண்டும் என்று மட்டும் நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

அன்று மாலையே சேகரைப் பிடித்தேன். "மெஷின் தப்பு பண்ணாதுங்க மேடம்" என்றார். மெஷின் இல்லை, நான் என்றேன். சனிக்கிழமைத் தேதியைப் போடச் சொன்னேன். கீய்ய்ய்... கரகர... ரோகிணி. ரஜ்ஜு: அக்ரீயிங்.

அடுத்த வாரம் சித்தப்பா தாம்பாளத்தில் பழத்தோடு ஜீயபுரம் வந்தார். ராஜேந்திரனும் வந்திருந்தார். தப்பு என்னால்தான் நேர்ந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டுமே, அதனால் நானும் போயிருந்தேன். சொன்னேன். சித்தப்பா பெருந்தன்மையாகக் கையை ஆட்டினார். "இப்ப மெஷினே சொல்லிடுச்சு. நாங்க ஒத்துக்கறோம்." மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்!

கமலா அறையிலிருந்து வெளியே வந்து ராஜேந்திரனிடம் நேராகவே கேட்டாள். "அன்னிக்கு எங்கப்பாவை ஜாதகம் திருத்தினவர்னு சொன்னப்ப நீங்க என்ன நெனச்சீங்க?"

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு, "மெஷின்லயே வந்துடுச்சு... நான் என்னங்க நெனைக்கிறது?" என்றார்.

கமலாவின் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனை அவளுக்குப் பிடித்திருந்தது, பாவம். "போயிட்டு வாங்க. பதில் அனுப்பறோம்" என்றாள். அப்பா மகளை ஏறிட்டுப் பார்த்தார். பழத்தாம்பாளத்தை எடுத்துச் சித்தப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியம் இடைவேளையில் கமலா மெஷினில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகினாள். நம்ம ஆபீஸ் டைப்ரைட்டர்தான்; இங்கிலீஷ், அதுவும் எல்லாம் கேப்பிடல் எழுத்து. அப்போதுதானே அவர்கள் நம்புவார்கள்? தினம்: அக்ரீயிங். கணம்: அக்ரீயிங். ரஜ்ஜு: அக்ரீயிங். கடைசியாக ஒரு புதுப் பொருத்தத்தைத் தானே சேர்த்து, கொஞ்சம் அழுத்தி அடித்தாள்.

மாப்பிள்ளை: நாட் அக்ரீயிங்.

நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். அதில் ஒரு தப்புகூட இல்லை.