மொட்டைக் குன்று

சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் சலவைக்கடை வைத்திருந்தவளைத் தெருவே ‘சலவைக்கடை அக்கா’ என்றுதான் கூப்பிடும். கடைக்குப் பின்னால் பாறை வெடிப்பில் கசியும் ஊற்றுதான் அவளுக்குச் சோறு போட்டது. அந்தத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. சோடா போட்டு ஊறவைத்துத்தான் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுப்பாள். கோடையில் ஊற்று நூலாக மெலியும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

குன்று அவளுக்கும் தம்பிக்கும் பொது. புல்டோசர் ஓட்டும் அந்தத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான்.

“மேல இருக்கற மரமெல்லாம் தண்ணிய உறிஞ்சிக் குடிக்குதுக்கா. எடுத்துட்டா உன் ஊத்து கோடையிலயும் குறையாது.”

“நிஜமாவாடா?”

“பின்னே?”

அவன் நீட்டிய சம்மதப் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். குன்று மொட்டையானது.

அடுத்த பெருமழையில் செம்மண் வெள்ளம் கடைக்குள்ளேயே புகுந்தது. வெளுத்த விரிப்புகள் பாழாயின. ஊற்று சில நாள் கலங்கலாகப் பொங்கியது. கோடை வந்ததும் பழையபடி நூலாகிவிட்டது.

துணி வாங்க வந்த நீர்வளத்துறைப் பொறியாளர் அம்மா குன்றைப் பார்த்துத் திகைத்தாள்.

“மரம் குடிக்கறது உண்மைதான். ஆனா வெட்டின இடத்துல புல்லும் புதரும் முளைச்சு அந்தத் தண்ணிய குடிச்சிடும். சருகும் மண்ணும் இருந்தாத்தான் மழை நின்னு வெடிப்புக்குள்ள இறங்கும். உங்க தம்பி வெட்டறதுக்கு முன்னாடியே வந்து கேட்டாரே, சொல்லித்தானே அனுப்பினேன்?”

அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மனை போடலாம்னு பார்த்தேன். காடா கிடந்தா யாரு வாங்குவா? உள்ளதச் சொன்னா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?”

“கேட்டுப் பார்த்திருக்கலாமேடா” என்றாள்.

வெட்டிப் போட்ட கிளைகளை ஆள் வைத்துச் சரிவின் குறுக்கே வரிசையாகப் போட்டாள். மண் அதில் தங்கியது. அடுத்த மழையில் பச்சை தெரிந்தது. மனை போட அவள் சம்மதிக்கவில்லை. உறவுக்காரர்கள் சமாதானம் பேச வந்தபோது ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்:

“ஒழுங்கா சாப்பிடறானான்னு மட்டும் பார்த்துக்குங்க. இந்தப் பக்கம் வரச் சொல்லாதீங்க.”